கடலூர், பாண்டி பையன் புரோ பேஸ்பாலுக்கு போகணும்னா: முதல்ல கையை அளங்க, அப்புறம் காசை எடுங்க

ஷோஹெய் ஒஹ்தானிக்கு 2023 டிசம்பர்ல டாட்ஜர்ஸ் டீம் 10 வருஷத்துக்கு 700 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டாங்க, அடுத்த வருஷமே வான் சோட்டோவுக்கு மெட்ஸ் 15 வருஷத்துக்கு 765 மில்லியன். இந்த நம்பரை ரீல்ஸ்ல பாத்துட்டு "சார் எங்க பையனும் கல்லெறிஞ்சா மாங்கா தப்பாது, இவனுக்கு எதாவது வழி இருக்கா"ன்னு கேக்கற அப்பாக்கள் நம்ம பக்கம் இப்ப ஜாஸ்தி ஆயிட்டாங்க. வழி இருக்கா இல்லையான்னா இருக்கு, ஆனா ரொம்ப குறுகலான வழி, அதுவும் ஒரே ஒரு வாசல் தான். அந்த வாசல் பேரு பிட்ச்சிங், அதாவது பேட்டருக்கு பந்து எறியறது. பேட்டிங்க மறந்துடுங்க.

ஏன் இவ்ளோ கறாரா சொல்றேன்னா, பிட்ச்சர் கால் வைக்கற ரப்பர் பட்டையில இருந்து பேட்டர் பக்கத்துல நிக்கற ஹோம் ப்ளேட் வரைக்கும் 60 அடி 6 இன்ச், அதாவது 18.44 மீட்டர், 150 கிலோமீட்டர் வேகத்துல வர்ற பந்து அரை செகண்டுக்கும் கம்மியான நேரத்துல வந்து சேந்துடும். அதை உருண்டையான மட்டையால, அதோட அதிகபட்ச தடிமனே 2.61 இன்ச் தான், சரியா நடு இடத்துல அடிக்கணும். அமெரிக்காவுலயும் டொமினிக்கன் ரிபப்ளிக்லயும் பொடிப்பசங்க ஆறு வயசுலேர்ந்து ஆயிரக்கணக்கான பந்தை பாத்து பாத்து கண்ணை பழக்கி வச்சிருக்கான், நம்ம பையன் 16 வயசுல மஞ்சக்குப்பம் மைதானத்துல முதல் தடவையா மட்டைய தூக்கி அந்த கடனை அடைக்க முடியாது. கிரிக்கெட்ல நல்லா அடிக்கறானேன்னு சொல்லாதீங்க, வெஸ்ட் இண்டீஸ் டெஸ்ட் ஓப்பனர் கீரன் பவல் கூட பேஸ்பாலுக்கு மாறலாம்னு போய் முயற்சி பண்ணிட்டு கிரிக்கெட்டுக்கே திரும்பி வந்தாரு.

எறியறது மட்டும் வேற கணக்கு. பந்து வேகத்தை அளக்கற ரேடார் கன்ல 145 கிலோமீட்டர் காட்டிச்சுன்னா நீ எந்த ஊரு, எத்தனை வருஷமா ஆடறேன்னு யாரும் கேக்க மாட்டான். 2008ல நடந்த மில்லியன் டாலர் ஆர்ம் போட்டி ஞாபகம் இருக்கும், உத்தரப்பிரதேசத்து பசங்க ரிங்கு சிங், தினேஷ் படேல் ரெண்டு பேரும் ஈட்டி எறிஞ்சுக்கிட்டு இருந்தவங்க, பேஸ்பால்னா என்னன்னே தெரியாம வந்து எறிஞ்சாங்க, ரிங்கு மணிக்கு 87 மைல், நம்ம கணக்குல 140 கிலோமீட்டர், போட்டு ஒரு லட்சம் டாலர் ஜெயிச்சாரு. அதே வருஷம் நவம்பர்ல பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் ரெண்டு பேரையும் சைன் பண்ணாங்க. இதோட நிறுத்தி சொல்றவங்க தான் அதிகம், மீதி கதையும் தெரிஞ்சுக்கங்க. தினேஷை 2010லயே விட்டுட்டாங்க, ரிங்கு மைனர் லீக்ல, அதாவது மேஜர் லீக்குங்கற உச்ச லீக்குக்கு கீழ உள்ள படிகள்ல, சிங்கிள் ஏங்கற படி வரைக்கும் ஏறினாரு, முழங்கை ஆபரேஷன், அப்புறம் காயம் மேல காயம், கடைசில 2018ல டபிள்யூ டபிள்யூ ஈ மல்யுத்தத்துக்கு போயிட்டாரு. மேஜர் லீக்ல ரெண்டு பேருமே ஒரு பந்து கூட போடல. இதை நான் தோல்வின்னு சொல்ல மாட்டேன், ஆனா நம்ம வாசல் எவ்ளோ அகலம்னு இதுலயே தெரியுது.

யாரை பாக்கணும்

வேகப்பந்து போடற பையனை பாக்காதீங்க, இதுல தான் எல்லாரும் ஏமாறறாங்க. பவுலருக்கு ஓட்டம் இருக்கு, நேர் கை இருக்கு, அந்த வேகம் வேற இடத்துலேர்ந்து வருது. பிட்ச்சர் நின்ன இடத்துல இருந்து முழங்கையை மடக்கி எறியணும், கிரிக்கெட் கோச் எதை செய்யாத செய்யாதன்னு திட்டினாரோ அதைத்தான் இங்க செய்யணும். அதனால பாக்க வேண்டியவன் டீப் மிட்விக்கெட்ல நிக்கற பையன். பவுண்டரி லைன்லேர்ந்து கீப்பர் கைக்கு உயரம் இல்லாம தட்டையா, ஒரு குத்து கூட விழாம வந்து சேர்ற த்ரோ எவன் போடறானோ அவன். அண்ணா ஸ்டேடியத்துல காலைல ஈட்டி எறியற பசங்க, உப்பளம் இந்திரா காந்தி ஸ்டேடியத்துல அத்லெட்டிக்ஸ் பண்றவங்க, இவங்ககிட்டயும் தேடலாம். இடது கைக்காரன் கிடைச்சான்னா விடாதீங்க, இடது கை பிட்ச்சருக்கு எல்லா டீம்லயும் தனி மவுசு, வேகம் ரெண்டு மூணு மைல் கம்மியா இருந்தாலும் பாப்பாங்க. உயரம் ஆறு அடிக்கு பக்கத்துல இருந்தா நல்லது, இல்லைன்னா வேகம் இன்னும் ஜாஸ்தி வேணும்.

செல்போன்ல கையை அளக்கறது

ரேடார் கன் நம்ம ஊர்ல யார்கிட்டயும் இருக்காது, வாங்கவும் வேணாம் இப்போதைக்கு. ஸ்லோமோஷன்ல செகண்டுக்கு 240 ஃப்ரேம் எடுக்கற போன் ஒன்னு போதும். ஒரு வலையோ பழைய தார்ப்பாயோ கட்டுங்க, அதுலேர்ந்து டேப் வச்சு அளந்து, பையன் கை பந்தை விடற இடம் 17 மீட்டர்ல வர்ற மாதிரி நிக்க வைங்க. கால் இருக்கற இடம் இல்ல, கை விடற இடம், கால்லேர்ந்து ஒன்றரை மீட்டருக்கு மேல முன்னால தள்ளி தான் பந்து கையை விட்டு போகும், இதை மறந்தீங்கன்னா கணக்கு பத்து சதவீதம் தப்பும். பக்கவாட்டுல இருந்து, ரெண்டு பக்கமும் ஃப்ரேம்ல தெரியற மாதிரி போனை ஸ்டாண்ட்ல வச்சு எடுங்க. அப்புறம் பந்து விரலை விட்ட ஃப்ரேம்லேர்ந்து தார்ப்பாய் ஆடற ஃப்ரேம் வரைக்கும் ஒவ்வொன்னா நகத்தி எண்ணுங்க. 14,688ஐ அந்த எண்ணிக்கையால வகுத்தா கிலோமீட்டர்ல வேகம் வந்துடும். 120 ஃப்ரேம் வந்தா 122 கிலோமீட்டர், 105 வந்தா 140. இது வழி முழுக்க உள்ள சராசரி வேகம், ரேடார் கன் கையை விட்ட உடனே உள்ள வேகத்தை காட்டும், அதனால நம்ம கணக்கு கொஞ்சம் கம்மியா தான் வரும், அஞ்சு சதவீதம் கூட்டிக்கலாம்.

பந்து பேஸ்பாலாவே இருக்கட்டும். கிரிக்கெட் பந்து 155 கிராம்க்கு மேல, பேஸ்பால் 142லேர்ந்து 149 கிராம், சுற்றளவு பாத்தா பேஸ்பால் தான் ஒரு துளி பெருசு. டென்னிஸ் பந்துல எறிஞ்சு காட்டி வேகத்தை ஏத்தி சொல்றதெல்லாம் வேணாம்.

இப்ப இந்த நம்பருக்கு என்ன அர்த்தம்? மேஜர் லீக்ல ஃபாஸ்ட்பால் சராசரியே 94 மைல், 151 கிலோமீட்டர். எந்த ட்ரெய்னிங்கும் இல்லாம 17 வயசு பையன் 125 தொட்டான்னா ரெண்டு வருஷம் உழைச்சு பாக்கறதுல அர்த்தம் இருக்கு. 110க்கு கீழன்னா ஸ்கூல், யுனிவர்சிட்டி லெவல்ல சந்தோஷமா ஆடட்டும், அதுக்கு மேல வீட்டு காசை போடாதீங்க. இது என் கணக்கு, யாரும் எழுதி வச்ச விதி இல்ல, ஆனா நகையை அடகு வைக்கறதுக்கு முன்னாடி யாராவது ஒரு கோடு போட்டே ஆகணும்.

எறியறது எப்படி

முதல்ல ஃபோர் சீம் பிடி மட்டும், நேரா வேகமா போற பந்துக்கு உள்ள பிடி அது. பந்துல தையல் லாடம் மாதிரி வளைஞ்சு இருக்கற இடம் ஒன்னு வரும், ஆள்காட்டி விரல் நடு விரல் ரெண்டும் அந்த தையலுக்கு குறுக்கால, நுனி தையல் மேல ஏறி நிக்கணும், ரெண்டு விரலுக்கும் நடுவுல ஒரு விரல் கூட நுழையற இடம் இருக்க வேணாம். கட்டை விரல் நேரா கீழ. உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவுல வெளிச்சம் தெரியணும். நம்ம பசங்க பூரா உள்ளங்கையில அமுக்கி பிடிப்பாங்க, அதுலயே பாதி வேகம் போயிடுது. கர்வ், ஸ்லைடர்னு வளைஞ்சு போற பந்தெல்லாம் ஆறு மாசத்துக்கு பேச்சே எடுக்காதீங்க.

வலது கைக்காரன்னா வலது காலை ரப்பர் பட்டையை ஒட்டி பக்கவாட்டா வச்சு, இடது காலை தூக்கி, இடுப்பு முன்னால போகணும், தோள் பின்னால தங்கணும். இடது கால் தரையில குத்தி நின்ன அப்புறம் தான் தோள் சுத்தணும். வீடியோல இதை மட்டும் பாருங்க: கால் ஊணற நேரத்துல நெஞ்சு இன்னும் பக்கத்து சுவரை பாத்துக்கிட்டு இருக்கா, இல்ல அதுக்குள்ள பேட்ஸ்மேனை பாத்து திரும்பிடுச்சா. திரும்பிட்டா அவன் வெறும் கையால தான் எறியறான், முழங்கை சீக்கிரம் போகும். இன்னொன்னு, பவுலிங்ல ஓடி வந்துட்டு நின்னா அம்பயர் ஒன்னும் சொல்ல மாட்டாரு, இங்க பேஸ்ல ரன்னர் இருக்கும்போது எறிய ஆரம்பிச்சுட்டு நிறுத்தினா அது பால்க்ங்கற தப்பு, ரன்னருக்கு ஒரு பேஸ் இனாம். கிரிக்கெட்லேர்ந்து வர்ற பசங்க இதுல மாட்டிக்கிட்டே இருப்பாங்க.

சில்வர் பீச் மணல்ல எறிய வைக்காதீங்க. ஓட்டத்துக்கு, தொடைக்கு மணல் அருமை, ஆனா எறியும்போது முன் கால் ஊணினா சறுக்கும், அந்த பழக்கம் ஒட்டிக்கிச்சுன்னா எடுக்க முடியாது. மவுண்டு வேணும், அதாவது பிட்ச்சர் நின்னு எறியற மண் மேடு. ரப்பர் பட்டை இருக்கற இடம் ஹோம் ப்ளேட்டை விட 10 இன்ச் உயரம், ரப்பருக்கு 6 இன்ச் முன்னாலேர்ந்து ஒவ்வொரு அடிக்கும் 1 இன்ச் இறக்கம். பண்ருட்டி பக்கத்து செம்மண்ணு ஒரு டிராக்டர் லோடு அடிச்சு, தண்ணி தெளிச்சு திமுசு போட்டு கெட்டிச்சா ஒரு சீசன் தாங்கும், மழை வந்தா மேல தார்ப்பாய் போட்டு மூடிடுங்க.

கை தான் முதல்

முழங்கை உள்பக்கத்துல ஒரு தசைநார் இருக்கு, அது கிழிஞ்சா டாமி ஜான் ஆபரேஷன், 1974ல டாக்டர் ஃப்ராங்க் ஜோப் அந்த பேருள்ள பிட்ச்சருக்கு முதல்ல பண்ணது. திரும்பி மேட்ச்ல எறிய ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். நம்ம ஊர்ல அது ஆச்சுன்னா பையன் கதை அதோட முடிஞ்சுது, ஆபரேஷன் பண்ண ஆள் கிடைச்சாலும் அதுக்கப்புறம் மாசக்கணக்கா கூட நிக்கற பிசியோ கிடைக்க மாட்டாரு. அதனால எண்ணிக்கை நோட்டு கட்டாயம். அமெரிக்காவுல பசங்களுக்குன்னு வச்சிருக்கற பிட்ச் ஸ்மார்ட் கணக்குப்படி 15, 16 வயசு பையன் ஒரு நாள்ல மேட்ச்ல 95 பந்துக்கு மேல போகக்கூடாது, 76ஓ அதுக்கு மேலயோ போட்டான்னா அடுத்த நாலு நாள் பிட்ச்சிங் கிடையாது. காலைல பிட்ச் பண்ணிட்டு சாயந்திரம் தெரு கிரிக்கெட்ல 12 ஓவர் போடறது தான் பெரிய ஆபத்து, அதையும் நோட்டுல எழுதுங்க. பையன் பொய் சொல்லுவான், கூட்டாளிகளை கேட்டா உண்மை வந்துடும்.

ஒரு விஷயத்துல நமக்கு அதிர்ஷ்டம். மேஜர் லீக்ல பிப்ரவரி நடுவுல ஸ்ப்ரிங் ட்ரெய்னிங், மார்ச் கடைசிலேர்ந்து செப்டம்பர் கடைசி வரைக்கும் ஒவ்வொரு டீமுக்கும் 162 மேட்ச், அப்புறம் ஓய்வு. நம்ம வடகிழக்கு பருவமழை அக்டோபர்லேர்ந்து டிசம்பர், மைதானம் பூரா குளம். ரெண்டும் ஒன்னா வருது. மழை மூணு மாசம் பந்தையே தொடாம கால், இடுப்பு, முதுகுக்கு மட்டும் வேலை குடுங்க, பொங்கலுக்கு அப்புறம் மெதுவா எறிய ஆரம்பிச்சா சரியா இருக்கும்.

க்ளவுஸ் வாங்கும்போது மட்டும் உஷாரு, வலது கையால எறியறவனுக்கு க்ளவுஸ் இடது கையில. ஆன்லைன்ல ரைட் ஹேண்ட்னு போட்டிருந்தா எறியற கையா மாட்டற கையான்னு படத்தை பாத்து உறுதி பண்ணிட்டு ஆர்டர் போடுங்க. கடல் காத்துல தோல் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், நிழல்ல காய வச்சு உள்ள ஒரு பந்தை வச்சு கட்டி வைங்க.

எந்த ரூட்டு

டிராஃப்ட் டிராஃப்ட்னு யூட்யூப்ல பாக்கறீங்களே, டீமுங்க வரிசையா புது பசங்களை பொறுக்கி எடுக்கறது, அது அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோ பசங்களுக்கும் அங்க படிக்கறவங்களுக்கும் தான். பாண்டியில இருக்கற பையன் அதுல வரவே மாட்டான். அவனுக்கு இன்டர்நேஷனல் சைனிங், 16 வயசு ஆன அப்புறம் எந்த டீமும் நேரடியா ஒப்பந்தம் போடலாம், ஜனவரி 15லேர்ந்து டிசம்பர் 15 வரைக்கும் அதுக்கு காலம். ஆனா ஒவ்வொரு டீமுக்கும் இதுக்கு செலவு பண்ண உச்சவரம்பு உண்டு, அந்த காசுல பெரும்பகுதி டொமினிக்கன், வெனிசுவேலா பசங்களுக்கு போயிடும். உங்க பையனை சைன் பண்ணாலும் முதல்ல டொமினிக்கன் அகாடமிக்கு அனுப்ப வாய்ப்பு இருக்கு. அங்க தினமும் சோறு உண்டு, அந்த ஒரு கவலை வேணாம்.

ரெண்டாவது, படிப்பு வழி. +2ல நல்ல மார்க், இங்கிலீஷ் தேர்வு, ரெண்டு வருஷ படிப்பு உள்ள அமெரிக்க ஜூனியர் காலேஜ் ஒன்னுல சீட்டு, அங்க டீம்ல இடம். அங்க சேந்துட்டா டிராஃப்ட்லயும் வரலாம், ஜூனியர் காலேஜ் பையனுக்கு வருஷா வருஷம் தகுதி உண்டு, நாலு வருஷ காலேஜ்னா மூணாவது வருஷம் முடியணும் இல்ல 21 வயசு ஆகணும். டிராஃப்ட் இப்ப 20 ரவுண்டு தான், முன்னாடி 40 இருந்தது. எனக்கு இந்த வழி தான் புடிச்சிருக்கு, கை போனாலும் டிகிரி கையில இருக்கும்.

மூணாவது பாண்டிக்காரங்களுக்கு மட்டும் உள்ள சலுகை, இதை யாரும் யோசிக்கறதே இல்ல. வீட்ல ஃப்ரெஞ்சு பாஸ்போர்ட் இருக்கா? ஃப்ரான்ஸ்ல பேஸ்பால் லீக் இருக்கு, ரூவான் ஊரு ஹஸ்கீஸ் டீம் பல தடவை சாம்பியன். இத்தாலி, நெதர்லாந்து, ஜெர்மனியிலயும் லீக் நடக்குது. ஐரோப்பிய பாஸ்போர்ட்காரன் விசா தொல்லை இல்லாம அங்க எல்லா இடத்துலயும் ஆடலாம். காசு பெருசா வராது, தங்கற இடம், கை செலவுக்கு கொஞ்சம், சாயந்திரம் சின்ன பசங்களுக்கு கோச்சிங், அவ்ளோதான். ஆனா நிஜமான மேட்ச்ல நிஜமான பேட்டருக்கு எதிரா பந்து போடலாம், அது இங்க எவ்ளோ காசு குடுத்தாலும் கிடைக்காது. சித்தப்பா பெரியப்பா யாராவது அங்க இருந்தா இன்னும் வசதி. துபாயை தலைமையா வச்சு பேஸ்பால் யுனைடெட்னு ஒரு லீக்கும் வந்திருக்கு, அதுல மும்பை கோப்ராஸ்னு டீமே இருக்கு, ஒரு கண்ணு அதுலயும் இருக்கட்டும்.

இதுக்கு நடுவுல ஸ்கூல் கேம்ஸ், யுனிவர்சிட்டி மேட்ச் சர்டிபிகேட் எல்லாம் ஒன்னு விடாம பத்திரமா ஃபைல் பண்ணுங்க. அண்ணாமலை யுனிவர்சிட்டி, பாண்டி யுனிவர்சிட்டி பக்கம் சேந்தா இன்டர் யுனிவர்சிட்டி ஆடலாம். ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு எந்த விளையாட்டு, எந்த சங்கம் குடுத்த சர்டிபிகேட் செல்லும்ங்கறது மாறிக்கிட்டே இருக்கும், அந்தந்த வருஷ அரசாணையை பாத்துக்கங்க.

சைன் பண்ணா சம்பளம்

765 மில்லியனை மறந்துட்டு இதை பாருங்க. மைனர் லீக் ப்ளேயர்களோட 2023 ஒப்பந்தப்படி அமெரிக்காவுல உள்ள கீழ் படியில, அதாவது காம்ப்ளெக்ஸ் லீக்ல, வருஷத்துக்கு 19,800 டாலர், டொமினிக்கன் அகாடமி பசங்க இந்த ஒப்பந்தத்துல வர மாட்டாங்க. அதுக்கு மேல சிங்கிள் ஏ 26,200, ஹை ஏ 27,300, டபுள் ஏ 30,250, ட்ரிபிள் ஏ 35,800. பெரும்பாலானவங்களுக்கு தங்க இடம் டீமே குடுக்கும். செவ்வாய்லேர்ந்து ஞாயிறு வரைக்கும் தினம் மேட்ச், திங்கள் பஸ். மேஜர் லீக்ல கால் வச்ச உடனே 2025 கணக்குப்படி குறைஞ்சது 7,60,000 டாலர், நம்ம காசுல 6 கோடிக்கு மேல, ஆனா அங்க இருக்கற நாளுக்கு மட்டும் தான் அந்த ரேட்டு. 172 நாள் இருந்தா ஒரு வருஷ சர்வீஸ். மூணு வருஷ சர்வீஸ் ஆனா சம்பளத்தை பேரம் பேச நடுவர் முன்னாடி போகலாம், ஆறு வருஷம் ஆனா தான் ஃப்ரீ ஏஜென்ட், எந்த டீமுக்கும் போகலாம். அதுவரைக்கும் டீம் சொன்னது தான் சட்டம், ட்ரேடு பண்ணாங்கன்னா ராத்திரியோட ராத்திரியா வேற ஊருக்கு பெட்டி கட்டணும். 30 டீம், ஆளுக்கு 26 பேர், மொத்தம் 780 இடம், உலகம் பூரா அதுக்கு தான் மோதுது.

ஏஜென்ட் விஷயத்துல ஒரே விதி. முன்பணம் கேட்டான்னா கதவை சாத்துங்க. மேஜர் லீக் ப்ளேயர் சங்கம் அங்கீகாரம் குடுத்த ஏஜென்ட் ப்ளேயர் சம்பாதிச்ச அப்புறம் தான் கமிஷன் எடுப்பான். எந்த மேஜர் லீக் டீமும் சைன் பண்றதுக்கு பையன்கிட்ட காசு வாங்காது. "ரெஜிஸ்ட்ரேஷன் மூணு லட்சம், விசா நாங்க பாத்துக்கறோம்"னா அது பேஸ்பால் இல்ல. மைனர் லீக்குக்கு சைன் பண்ணா விளையாட்டுக்காரங்களுக்கு உள்ள P-1 விசாவுக்கு டீமே விண்ணப்பம் போடும், நீங்க சென்னை கான்சுலேட்டுக்கு போய் நின்னா போதும்.

கடைசியா வீடியோ. காலேஜ் கோச்சுக்கோ ஐரோப்பிய க்ளப்புக்கோ அனுப்பறது ரெண்டு நிமிஷத்துக்கு மேல போகக்கூடாது. முதல் ஃப்ரேம்ல பேரு, பிறந்த தேதி, உயரம், எடை, எந்த கை, அளந்த வேகம், எப்படி அளந்தீங்கன்னு ஒரு வரி. அப்புறம் பின்னாலேர்ந்து பத்து பந்து, பக்கவாட்டுல பத்து பந்து, கேட்ச்சர் எங்க க்ளவுஸ் வச்சான் பந்து எங்க வந்துச்சுன்னு தெரியற மாதிரி. நல்லா விழுந்த பந்தா மட்டும் பொறுக்கி வெட்டி ஒட்டாதீங்க, வெட்டாம அனுப்பறதை தான் கோச்சுங்க நம்புவாங்க. பாட்டு போடாதீங்க, பந்து கேட்ச்சர் க்ளவுஸ்ல விழற சத்தம் அவங்களுக்கு கேக்கணும்.